மனநோய் இல்லங்களும் நமது கடமையும்

உடலில் நோய் கண்டால் அண்டை வீட்டாரிடம் சொல்லுகிறோம். அவர்களும் கஷாயம் முதல் கைராசிக்கார டாக்டர் வரை யோசனை கூறுகின்றனர். மனத்தில் நோய் கண்டால் மட்டும் சன்னலைச் சாத்திவிடுகிறோம். மஞ்சட்காமாலை கண்ட பிள்ளையைப் பற்றிப் பத்துப் பேரிடம் பேசும் தாய், இரவெல்லாம் உறங்காமல் தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பற்றி உடன்பிறந்த தமக்கையிடமும் பேசுவதில்லை. பெண்ணுக்கு வரன் அமையாது, பையனுக்கு வேலை போய்விடும், வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொல்லுவார் என்னும் அச்சங்கள் வாயை அடைக்கின்றன.

சொந்த ஊரில் வாழ்வோர்க்கு இத்துன்பத்தைப் பகிர்ந்துகொள்ளப் பாட்டி இருப்பார், சித்தப்பா இருப்பார், பிள்ளை தெருவில் இறங்கி நடந்தாலும் கைபிடித்து அழைத்துவரத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். பிழைப்பின் பொருட்டுத் தலைநகர் வந்து சேர்ந்த நம் குடும்பங்களுக்கு இந்த வசதி இல்லை. ஓர் அறையும் ஒரு சமையற்கட்டுமே வீடு. கணவனும் மனைவியும் வேலைக்குச் சென்றுவிட்டால் நோயாளியின் அருகில் இருக்க ஆள் கிடையாது. தெருவில் பேசும் மொழியும் வேறு. ஆகவே, "எங்கேனும் ஓர் இல்லத்தில் சேர்த்துவிடலாமா?" என்னும் எண்ணம் எழுகிறது. அவ்வாறு எண்ணுவதில் பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் எந்த இல்லத்தில், எந்த முறைப்படி, எவருடைய மேற்பார்வையில் என்பதை அறியாமல் சேர்ப்பதில் பெரும் ஆபத்து இருக்கிறது.

முனிர்காவில் நாம் வசிக்கும் சந்தில் ஒரு தமிழ்க் குடும்பம் உண்டு. பெயர் வேண்டா. அக்குடும்பத்துப் பெரியவர் அண்மையில் ஒரு மாலைப்பொழுதில் நம்மிடம் வந்தார். "தம்பி, ஊர்ப்பக்கம் ஓர் இல்லம் இருக்கிறதாம். பையனைக் கொண்டுபோய் விட்டால் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். மாதாமாதம் பணம் அனுப்பினால் போதுமாம். நீங்கள் இரயில்வேயில் இருக்கிறவர். டிக்கெட்டுக்கு ஏதாவது வழி சொல்ல முடியுமா?" என்று கேட்டார்.

"டிக்கெட்டுக்கு வழி இருக்கிறது, ஐயா. அந்த இல்லம் சர்க்காரில் பதிவு பெற்றதுதானா?" என்று கேட்டோம்.

அவர் சற்றுத் திகைத்து, "இதற்கெல்லாமா பதிவு?" என்றார்.

அவரைப் போலவே எண்ணுகிறவர்கள் நம்மில் பலர். அவ்வினாவுக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

ஏர்வாடி தந்த பாடம்

இராமநாதபுரம் மாவட்டத்தில், கீழக்கரைக்கு அருகே கடலோரத்தில் இருப்பது ஏர்வாடி. அங்குள்ள சுல்தான் சையது இப்ராகீம் ஷஹீத் பாதுஷா தர்காவுக்கு மதவேற்றுமை பாராமல் மக்கள் செல்வது நெடுங்கால வழக்கம். மனநோயுற்றோரை அழைத்துச் சென்று, தர்காவின் விளக்கெண்ணெயையும் தீர்த்தத்தையும் நம்பிப் பல நாட்கள் தங்கியிருப்பர். கனவில் உத்தரவு கிடைத்த பின்னரே ஊர் திரும்ப வேண்டும் என்பது அங்கு வருவோரின் நம்பிக்கை. நம்பிக்கையோடு வருவோரை நாம் குறை கூறவில்லை. மருத்துவமனை எட்டாத தொலைவில் இருந்த காலத்தில் அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை.

நாள் செல்லச் செல்ல, உடன் தங்க இயலாத உறவினர்கள் நோயாளியை மட்டும் விட்டுச் செல்லலாயினர். அவ்வாறு விடப்பட்டோரை வைத்துக் காப்பதாகச் சொல்லித் தனியார் பலர் தர்காவைச் சுற்றிலும் இல்லங்களைத் தொடங்கினர். மருத்துவர் இல்லை, செவிலியர் இல்லை, உரிமமும் இல்லை. ஓடிவிடாமல் இருப்பதற்காகச் சங்கிலி மட்டும் இருந்தது.

2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில், அவ்வில்லங்களுள் ஒன்றின் ஓலைக் கொட்டகை தீப்பற்றிக்கொண்டது. உள்ளே நாற்பதுக்கு மேற்பட்டோர் இருந்தனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் எழுந்து ஓட முடியவில்லை. அவர்களுடைய கூக்குரல் அவ்விடத்தில் அன்றாடம் கேட்கும் ஒலியாக இருந்தமையால், கேட்டவர்களும் உடனே ஓடி வரவில்லை என்று கூறுவர். மொத்தம் 28 பேர் மாண்டனர். அவ்வில்லத்தின் உரிமையாளர் உள்ளிட்ட சிலருக்கு 2007-ஆம் ஆண்டில் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது.

விபத்து நடந்த ஒரு வாரத்திற்குள், ஆகஸ்டு 13-ஆம் நாள், இத்தகைய இல்லங்களைத் தமிழக அரசு மூடியது. அங்கிருந்த ஐந்நூற்றுக்கு மேற்பட்டவர்கள் அரசின் பராமரிப்பில் கொண்டுவரப்பட்டனர். விசாரணைக்காக இராமதாஸ் ஆணையம் அமைக்கப்பட்டது. இங்கே டில்லியில் உச்சநீதிமன்றம் பத்திரிகைச் செய்தியைக் கண்டு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. 2002-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அது பிறப்பித்த ஆணையில், நாடு முழுவதிலும் பதிவு பெற்றனவும் பெறாதனவுமாகிய இல்லங்களைக் கணக்கெடுக்க வேண்டும் என்றும், ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஓர் அரசு மனநல மருத்துவமனையேனும் இருக்க வேண்டும் என்றும் பணித்தது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஏர்வாடி எரிந்தபோது நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. உரிமம் இன்றி மனநோயாளிகளை வைத்துக்கொள்ளும் இல்லம் நடத்தலாகாது என்று 1987-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தெளிவாகச் சொல்லியிருந்தது. அது நடைமுறைக்கு வந்தது 1993-ஆம் ஆண்டில். எட்டு ஆண்டுகள் ஏட்டிலே சட்டமும் ஏர்வாடியிலே சங்கிலியும் ஒருங்கே இருந்துவந்தன.

சட்டம் வந்த வழி

சென்னை நகரில் மனநோயாளிகளுக்கென ஒரு விடுதியை 1794-ஆம் ஆண்டில் தொடங்கியவர் கானலி என்னும் கம்பெனி மருத்துவர். 1871-ல் அரசாங்கத்தின் விடுதி கீழ்ப்பாக்கத்தில் அமைந்தது. இன்றைய கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் அதன் வழிவந்ததே. அக்காலத்துச் சட்டங்களும், 1912-ஆம் ஆண்டின் சட்டமும், நோயாளியிடமிருந்து ஊரைக் காப்பதையே பெரிதாகக் கொண்டன. யாரைப் பூட்டலாம், எவர் கையொப்பத்தால் பூட்டலாம் என்பதே அவற்றின் கவலை. பூட்டியபின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பற்றிய கவலை அவ்வளவாக இல்லை.

1987-ஆம் ஆண்டின் சட்டம் இதனை ஓரளவு மாற்றியது. உரிமம், ஆய்வு அதிகாரி, மாதந்தோறும் வந்து காணும் பார்வையாளர் குழு என்பனவற்றை அது ஏற்படுத்தியது. சிகிச்சையின்போது நோயாளியை இழிவுபடுத்தலாகாது, கொடுமை செய்யலாகாது என்றும் விதித்தது.

தனியார் இல்லங்களில் மட்டுந்தான் குறை என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டா. நம் டில்லி மாநகரின் ஷாதராவில் 1966-ஆம் ஆண்டில் ஏற்பட்ட அரசு மனநோய் மருத்துவமனையின் அவலநிலை பற்றி உச்சநீதிமன்றத்தில் பொதுநல வழக்கு வந்தது. 1989-ல் நீதிமன்றம், அதனைப் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தைப் போலச் சீரமைக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. அதன் பயனாக 1993-ல் உருவானதே, இன்று தில்ஷாத் கார்டனில் இருக்கும் 'இஹ்பாஸ்' என்னும் மனநல மருத்துவ நிறுவனம். கேட்பாரின்றிக் கிடந்த இடம் ஒரு வழக்கின் மூலம் பெரிய மருத்துவ நிறுவனமாக மாறியது.

அயல்நாட்டு உதாரணம் ஒன்றையும் இவ்விடத்தில் சொல்லலாம். பெல்ஜியம் நாட்டில் கீல் என்றோர் ஊர் உண்டு. அங்கே புனித டிம்ஃப்னா என்னும் கன்னியின் பெயரால் அமைந்த தேவாலயத்திற்கு, ஏர்வாடிக்குச் சென்றதைப் போலவே, பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே மனநோயுற்றோரை அழைத்துச் சென்றனர். தேவாலயத்தில் இடம் போதாமையால் ஊர்மக்கள் அவர்களைத் தம் வீடுகளில் தங்கவைத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அரசாங்கம் அவ்வழக்கத்தைத் தன் மேற்பார்வையில் கொணர்ந்து, மருத்துவரை நியமித்தது. இன்றும் கீல் நகரத்துக் குடும்பங்கள் சில, மனநோயாளிகளைத் தம் வீட்டு மனிதரைப்போல் வைத்துக் காத்துவருகின்றன. உலகத்து மருத்துவர்கள் அதனைக் காணச் செல்கின்றனர். இரண்டு ஊர்களிலும் தொடக்கம் ஒன்றே: நம்பிக்கையும், தங்க ஓர் இடமும். கீல் நகரில் மருத்துவரும் அரசாங்கமும் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்து பார்த்தனர். ஏர்வாடியில் தீயணைக்க வந்தவர்களே முதலில் உள்ளே சென்றனர்.

2017-ஆம் ஆண்டின் சட்டம்

இப்பொழுது நடைமுறையில் உள்ளது மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. அது 2018-ஆம் ஆண்டில் அமலுக்கு வந்தது. 1987-ஆம் ஆண்டின் சட்டம் அதோடு நீங்கியது. சட்டப் புத்தகம் என்றாலே அஞ்சுகிறவர்களும் அறிந்துகொள்ளக்கூடிய முறையில் அதன் சாரத்தைச் சொல்ல முயல்கிறோம்.

முதலாவது, பதிவு. மனநோயுற்றோரைச் சேர்த்துத் தங்கவைத்துப் பராமரிக்கும் எந்த இடமும், மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெறாமல் நடைபெறக் கூடாது. ஆங்கில வைத்தியமாயினும் ஆயுர்வேதமாயினும் சித்தமாயினும், அரசாங்கத்தினுடையதாயினும் தர்மஸ்தாபனத்தினுடையதாயினும் இவ்விதி பொருந்தும். உறவினரோ நண்பரோ உடன் வாழும் குடும்ப வீடு ஒன்றே விலக்கு. மது, போதை ஆகியவற்றால் விளையும் மனக்கோளாறுகளையும் இச்சட்டம் மனநோயில் சேர்த்திருக்கிறது. ஆதலால், குடியை நிறுத்துவதாகச் சொல்லி ஆளைப் பூட்டி வைக்கும் 'மறுவாழ்வு இல்லங்கள்' தமக்கு இச்சட்டம் பொருந்தாது என்று எளிதில் தட்டிக்கழிக்க இயலாது. பதிவின்றி நடத்துவோர்க்கு முதன்முறை ரூ.5,000 முதல் ரூ.50,000 வரை அபராதம். மீண்டும் மீண்டும் செய்வோர்க்கு அது ரூ.5 இலட்சம் வரை செல்லும். பதிவு பெற்ற இல்லங்களையும் மூன்றாண்டுக்கு ஒருமுறை தணிக்கை செய்ய வேண்டும். புகார் வந்தால் இடையிலும் ஆய்வு செய்யலாம்.

இரண்டாவது, சேர்க்கும் முறை. தானே விரும்பி வந்து சேர்ந்தவர், விரும்பும்போது வெளியேறலாம். அவருக்கோ பிறருக்கோ தீங்கு நேருமென்று மருத்துவர் கருதினால், மறுமதிப்பீட்டுக்காக 24 மணி நேரம் வரை நிறுத்திவைக்கலாம். அவ்வளவுதான். தானே முடிவு செய்ய இயலாத அளவுக்கு நோய் முற்றியவரை, அவருடைய நியமனப் பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில் சேர்க்கலாம். அதற்கும் மனநல மருத்துவர் ஒருவரும், தகுதியுடைய மற்றொருவரும் தனித்தனியே பரிசோதித்திருத்தல் வேண்டும். அவ்வாறு சேர்த்தால் 30 நாட்களுக்கு மேல் வைத்திருக்கலாகாது. சேர்த்த செய்தியை ஏழு நாட்களுக்குள், பெண்களும் சிறுவரும் ஆயின் மூன்று நாட்களுக்குள், மனநல மறுஆய்வு வாரியத்திற்குத் தெரிவித்தாக வேண்டும். அதற்கு மேலும் வைத்திருக்க வேண்டுமாயின் இரண்டு மனநல மருத்துவர்கள் பரிசோதித்துச் சொல்ல வேண்டும். வாரியம் அனுமதிக்க வேண்டும். அந்த அனுமதியும் முதலில் 90 நாட்கள், பின்னர் 120, அதன்பின் 180 என்று வரையறைப்பட்டதே. 'ஆயுள் முழுவதும்' என்றோர் அனுமதி இச்சட்டத்தில் இல்லை.

மூன்றாவது, அந்த வாரியம். மாவட்ட நீதிபதி, அல்லது அப்பதவிக்குத் தகுதியுடையவர் அல்லது அதிலிருந்து ஓய்வு பெற்றவர், அதன் தலைவராக இருப்பார். மாவட்ட ஆட்சியரின் பிரதிநிதி, மருத்துவர்கள் ஆகியோருடன், மனநோயை அனுபவித்தவர் அல்லது அத்தகையவரைப் பராமரித்தவர் போன்றோரும் உறுப்பினராக இருப்பர். ஒவ்வோர் இல்லமும் வாரியத்தின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் வாரியத்தோடு பேச விரும்பினால் கட்டணமின்றித் தொலைபேசி வசதி அளிக்க வேண்டும்.

நான்காவது, செய்யத் தகாதவை. எவ்வகையிலும் சங்கிலியிடுதல் கூடாது. தனியறையில் அடைத்து வைத்தல் கூடாது. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இன்றி மின்னதிர்ச்சி கொடுக்கலாகாது. கட்டாயமாக மொட்டையடிக்கலாகாது, சீருடை அணியும்படி கட்டாயப்படுத்தலாகாது, கூலியின்றி வேலை வாங்கலாகாது. உடனடியாக நேரவிருக்கும் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மருத்துவரின் ஆணைப்படி சிறிது நேரம் உடலைக் கட்டுப்படுத்தலாம். அதனையும் ஏட்டில் எழுதி, பிரதிநிதிக்கு 24 மணி நேரத்திற்குள் தெரிவித்தல் வேண்டும்.

பெற்றோர் சொல்லும் போதாது

"என் பிள்ளை, நான் சேர்க்கிறேன், கேட்க யார்?" என்னும் எண்ணம் நம்மிடையே உண்டு. 2018-ஆம் ஆண்டு ஏப்ரலில் டில்லி உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்று இதற்கு விடையாகும். வயது வந்த இளம்பெண் ஒருவரை, அவருடைய விருப்பத்திற்கு மாறாகப் பெற்றோர் ஆம்புலன்சில் ஏற்றித் தனியார் மனநல மருத்துவமனை ஒன்றில் சேர்த்திருந்தனர். பெற்றோர் என்னும் காரணத்தாலேயே அவ்வாறு செய்ய அவர்களுக்கு அதிகாரம் இல்லை என்றும், உரிய முறையைப் பின்பற்றாமல் வைத்திருந்தது சட்டவிரோதக் காவலே என்றும் நீதிபதிகள் கூறினர். இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டனர்.

மகள் விருப்பமில்லாத இடத்தில் காதல் கொண்டாள், மகன் சொத்தில் பங்கு கேட்டான், விதவைச் சகோதரி எதிர்த்துப் பேசினாள் என்பனவற்றுக்கெல்லாம் 'மனக்கோளாறு' என்று பெயர் சூட்டிப் பூட்டிவிடுதல், நாம் கேள்விப்படாதது அன்று. நோயில்லாதவரை நோயாளி ஆக்காமல் காப்பதும் இச்சட்டத்தின் வேலைகளுள் ஒன்று.

கேட்டவர் திறந்த கதவு

நல்ல சட்டம் வந்துவிட்டது. இனிக் கவலை இல்லை என்று அமர்ந்துவிடலாமா? இயலாது. சட்டம் இயற்றிய பின்னும் பல மாநிலங்களில் ஆணையமும் வாரியங்களும் அமையக் காலதாமதம் ஆயிற்று. நீதிமன்றங்கள் மீண்டும் மீண்டும் கேட்க வேண்டியதாயிற்று. 2019-ஆம் ஆண்டு ஜனவரியிலும், உத்தரப் பிரதேசத்துப் படாவூன் மாவட்டத்தில் மனநோயாளிகள் சங்கிலியில் கிடக்கும் செய்தி உச்சநீதிமன்றத்தின் முன் வந்தது. அது மிகக் கொடிய செயல் என்று நீதிமன்றம் கண்டித்தது.

தமிழ்நாட்டிலேயே 2023-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடந்தது நம் போன்றோர்க்கு மிகவும் பொருந்துவது. விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் அன்பு ஜோதி ஆசிரமம் என்னும் இல்லம் உரிய அனுமதி இல்லாமல் நடந்துவந்தது வெளியாயிற்று. நூற்றுக்கு மேற்பட்டோர் அங்கிருந்து மீட்கப்பட்டனர். கொடுமைகள் பற்றிய புகார்களும், சிலரைக் காணவில்லை என்னும் புகார்களும் எழுந்து, விசாரணை சி.பி.சி.ஐ.டி. வசம் சென்றது. ஏர்வாடி எரிந்து 21 ஆண்டுகள் கழிந்த பின்னர் இது!

அந்தக் கதவு எவ்வாறு திறந்தது? ஆய்வு அதிகாரியின் வழக்கமான வருகையால் அன்று. அயல்நாட்டில் வாழும் ஒருவர் தம் முதிய உறவினரை நண்பர் மூலம் அங்கே சேர்த்திருந்தார். பின்னர் வந்து, "அவர் எங்கே?" என்று கேட்டார். வேறோர் ஊர் இல்லத்திற்கு அனுப்பிவிட்டதாக விடை வந்தது. அங்கே சென்று பார்த்தால் ஆள் இல்லை. அதன்பின் காவல்துறைக்குப் புகார் சென்றது. உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தொடுக்கப்பட்டது. அதிகாரிகள் உள்ளே நுழைந்தனர். தொலைவில் பிழைக்கச் சென்ற ஒருவரின் கேள்வியே அத்தனை பேருக்கும் கதவைத் திறந்தது. அவரும் மற்றவர்களைப் போல் பணம் அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இரயில்வே குமாஸ்தா வேலையில் இருக்கும் நமக்கு, நம் அலுவலைக் கொண்டே இதனை விளங்கிக்கொள்ள முடிகிறது. ஒரு பார்சலை ஒப்படைப்பவர் ரசீது பெறாமல் போவதில்லை. எடை, எண், சேருமிடம், தேதி எல்லாம் அதில் இருக்கும். சேராவிட்டால் அந்த ரசீதைக் கொண்டே தேடுகிறோம். கட்டை மிளகாய் மூட்டைக்கு ரசீது கேட்கும் நாம், பெற்ற பிள்ளையை ஒப்படைக்கும்போது ஒரு துண்டுக் காகிதமும் கேட்காமல் திரும்பிவிடுகிறோம். மேலும், ஒவ்வொரு நிலையத்திலும் புகார்ப் புத்தகம் உண்டு. அப்படி ஒன்று இருப்பதை அறியாத பிரயாணிக்கு அதனால் என்ன பயன்? மறுஆய்வு வாரியமும் அவ்வாறே. இருப்பது போதாது, எழுதுகிறவர் வேண்டும்.

சேர்க்குமுன்னும் சேர்த்தபின்னும்

ஆகவே, இல்லத்தில் சேர்த்தே தீரவேண்டிய நிலையில் உள்ள குடும்பத்தார் கீழ்க்கண்டவற்றை மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

முதலில், மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டும்படி கேளுங்கள். சங்கப் பதிவு வேறு, அறக்கட்டளைப் பதிவு வேறு, இப்பதிவு வேறு. காட்டத் தயங்கும் இடத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

மனநல மருத்துவர் யார், வாரத்தில் எத்தனை முறை வருகிறார், இரவில் பொறுப்பாளர் யார் என்று கேளுங்கள். அலுவலக அறையில் அமர்த்தித் தேநீர் தந்து அனுப்பிவிட்டால் போதாது. படுக்கும் இடம், குளியலறை, சமையற்கட்டு ஆகியவற்றைக் காண வேண்டும். தீப்பற்றினால் வெளியேறும் வழி எது, இரவில் அந்தக் கதவின் சாவி எங்கே இருக்கும் என்பதை அவசியம் கேட்க வேண்டும். ஏர்வாடியில் கேட்காமல் விட்ட கேள்வி அது.

சேர்த்த தேதி, நோயின் பெயர், கொடுக்கும் மருந்து ஆகியவற்றை எழுத்தில் பெறுங்கள். நோயாளிக்குத் தம் மருத்துவக் குறிப்புகளைப் பெறும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. 30-ஆவது நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அந்நாளில், வாரியத்தின் அனுமதி கேட்கப்பட்டதா என்று விசாரியுங்கள்.

சேர்த்த பின்னர், போய்ப் பாருங்கள். டில்லியிலிருந்து சென்னை சுமார் 2,200 கிலோமீட்டர். அங்கிருந்து ஊர் இன்னும் தொலைவு. ஜி.டி.யிலோ தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ இடம் கிடைப்பதே பெரும்பாடு என்பதை நாம் அறியாதவர் அல்லோம். ஆயினும், ஊருக்குத் திருமணத்திற்கும் கோயில் கொடைக்கும் போகின்ற நாம், அந்தப் பயணத்தில் ஒரு பகலை இதற்கு ஒதுக்கலாம். நேரில் போக இயலாத மாதங்களில் உள்ளூர் உறவினர் ஒருவரை அனுப்பலாம்; வாரந்தோறும் தொலைபேசியில் பேசலாம். பார்வையாளரைக் காணவும், தொலைபேசியில் பேசவும் நோயாளிக்கு உரிமை உண்டு. "இப்போது பேசினால் பையன் கலங்கிவிடுவான், அம்மா, ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்று எந்த இல்லமாவது சொன்னால் அதனை ஐயத்தோடு நோக்குங்கள். அடிக்கடி ஆள் வந்து பார்க்கும் நோயாளியை எந்த இல்லமும் சற்றுக் கவனமாகவே நடத்தும் என்பது உலக அனுபவம்.

இல்லமே வேண்டாத வழி

இவ்வளவும் சொன்னபின் ஒன்றை மறைத்தல் முறையன்று. மனநோயுற்றோரில் பெரும்பாலோர்க்கு இல்லமே தேவைப்படுவதில்லை. காலத்தில் மருத்துவரிடம் காட்டி, மருந்தை நிறுத்தாமல் உட்கொண்டு, வீட்டிலிருந்தபடியே வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். இதனைத் தமிழகத்தில் எடுத்துக் காட்டியவர்களுள் முதன்மையானவர் டாக்டர் சாரதா மேனன். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பல ஆண்டுகள் பணிபுரிந்த அவர், ஓய்வு பெற்றபின் 1984-ல் 'ஸ்கார்ஃப்' என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்து, நோயாளிகளைச் சமூகத்தோடு சேர்த்து வாழவைக்கும் பணியைச் செய்தார். வீதியில் அலையும் மனநோயுற்ற பெண்களுக்காக 1993-ல் சென்னையில் தொடங்கிய 'பான்யன்' அமைப்பும் அவ்வழியில் நிற்பதே.

முனிர்காவில் வாழும் நமக்கு எய்ம்ஸ், சப்தர்ஜங் ஆகிய பெரிய அரசு மருத்துவமனைகள் அருகிலேயே இருக்கின்றன. அவற்றில் மனநலப் பிரிவு உண்டு. காலையில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். மொழி சற்று இடர் செய்யும். ஆயினும், பிள்ளையைப் பத்தாண்டு பிரிவதை விட அரைநாள் வரிசையில் நிற்பது எளிது. 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் தொலைபேசி உதவியும் இருக்கிறது. 14416 என்ற எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். அக்கம்பக்கத்தார் காதில் விழுமே என்று அஞ்சுகிறவர்களுக்கு அது பெரிதும் ஏற்றது.

குடும்பத்தார் ஏற்கவில்லை, போக வீடு இல்லை என்னும் காரணங்களுக்காக மட்டும் ஒருவரை இல்லத்தில் வைத்திருக்கலாகாது என்றும் 2017-ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. ஆனால் குணமாகியும் அழைத்துச் செல்ல வருவாரின்றி மருத்துவமனைகளில் காத்திருப்போர் நாடெங்கும் இருக்கின்றனர். அழைத்துச் செல்லும்படி சட்டம் சொல்லலாம். வீட்டில் ஒரு தட்டு கூடுதலாக வைக்க வேண்டியவர்கள் உறவினரே.

சங்கத்தின் பணி

நமது சங்கம் பொங்கல் விழாவையும் பிள்ளைகளின் தமிழ் வகுப்பையும் செவ்வனே நடத்திவருகிறது. அதனோடு இதனையும் சேர்த்துக்கொள்ளுமாறு விண்ணப்பிக்கிறோம். மாதத்திற்கு ஒரு நாள், மருத்துவமனைக்குத் துணையாகச் சென்று இந்தியில் பேசித்தர இரண்டு மூன்று அன்பர்கள் முன்வரலாம். ஊருக்கு விடுமுறையில் செல்லும் உறுப்பினர், அந்தப் பக்கத்து இல்லத்தில் இருக்கும் மற்றோர் உறுப்பினரின் உறவினரையும், அவருக்கு விருப்பமிருந்தால், சென்று பார்த்து வரலாம். விண்ணப்பமும் புகாரும் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதித் தரலாம். இதற்கு நிதி தேவையில்லை. வாயைத் திறந்து பேசும் துணிவும், பேசியதை ஊரெங்கும் பரப்பாத நாகரிகமும் இருந்தால் போதும்.

நம் சந்துப் பெரியவர் இன்னும் டிக்கெட் வாங்கவில்லை. இல்லத்தாருக்குக் கடிதம் எழுதிப் பதிவு எண்ணைக் கேட்டிருக்கிறார், விடை வரவில்லை. இதற்கிடையில் பையனைச் சப்தர்ஜங் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று காட்டத் தொடங்கியிருக்கிறார்கள். மருந்து பிடிக்கச் சில வாரங்கள் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். என்ன ஆகும் என்று இப்போதே சொல்வதற்கில்லை. நேயர்களில் எவர் வீட்டிலேனும் இத்தகைய துன்பம் இருந்து, அருகில் சொல்ல ஆளில்லையாயின், சங்கத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். சன்னலை மட்டும் சாத்திக்கொள்ள வேண்டா.